நிதி அமைச்சர் ஜே.ஆர்.: 25 சதக் கொத்து, 70 சதக் கொத்து

உவர்மலை எழுதியது:

எல்லோருக்கும் வணக்கம். எங்கள் வாசகர் வட்டத்தில் மாதம் ஒருவர் இருபது நிமிடம் பேச வேண்டும். இந்த முறை என் தலையில் விழுந்த தலைப்பு ‘இலங்கையின் முதல் நிதி அமைச்சர்’. அதாவது ஜே.ஆர். ஜயவர்தனா. தலைப்பைச் சொன்னதுமே ஒரு நண்பர், “83 கலவரத்தைப் பற்றித்தானே பேசப் போகிறாய்?” என்றார். அதைப் பேச ஆள் நிறையப் பேர் இருக்கிறார்கள். எனக்கு வேண்டியது 1947 முதல் 1953 வரையான ஜே.ஆர்.

தெரிந்ததை முதலில் போடுகிறேன். 1906 செப்டம்பர் 17இல் கொழும்பில் பிறந்தவர். தகப்பன் உயர் நீதிமன்ற நீதிபதி. ரோயல் கல்லூரி, பிறகு சட்டக் கல்லூரி. அங்கிலிக்கன் கிறிஸ்தவக் குடும்பத்தில் வளர்ந்து பௌத்தரானவர். 1943இல் களனி இடைத்தேர்தலில் ஈ.டபிள்யூ. பெரேராவைத் தோற்கடித்து அரசாங்க சபைக்கு (சுதந்திரத்துக்கு முந்திய சட்டசபை) போனார். 1947இல் டி.எஸ். சேனநாயக்க அமைச்சரவையில் நிதி. வயது 41.

அந்த ஆறு வருடத்தில் செய்தவை: 1950 ஆகஸ்ட் 28இல் மத்திய வங்கி திறந்தது. அதே வருடம் ஜனவரியில் கொழும்பு மாநாடு, அதிலிருந்து கொழும்புத் திட்டம். 1951இல் சான் பிரான்சிஸ்கோ உரை. 1953இல் அரிசி விலையேற்றம், அதை எதிர்த்து ஹர்த்தால் (நாடு தழுவிய வேலைநிறுத்தமும் கடையடைப்பும்), அத்தோடு நிதி அமைச்சு போயிற்று.

என் கேள்வி இதுதான். இவரை வலதுசாரி, பழமைவாத நிதி அமைச்சர் என்று புத்தகங்கள் ஒரே வரியில் முடித்துவிடுகின்றன. அது முழுதும் சரிதானா? ஊர்ப் பெரியவர்கள் யாராவது அந்தக் காலத்துக் கதை சொன்னால் இன்னும் நல்லது.

---

ஓய்ந்த சிறாப்பர் எழுதியது:

தம்பி, நல்ல தலைப்பு. 53இல் எனக்கு ஏழு வயது. ஜே.ஆர். என்ற பெயரை நான் அப்போது கேட்டதில்லை. ஆனால் பள்ளிக்கூடத்தில் கொடுத்த பணிஸ் நின்றது நினைவிருக்கிறது. ஒரு நாள் பெட்டி வரவில்லை. மறுநாளும் வரவில்லை. பிறகு வாத்தியார், “இனி வராது பிள்ளைகள், வீட்டிலிருந்து கொண்டு வாருங்கள்” என்றார். வீட்டில் என்ன இருந்தது கொண்டு வர?

அரிசி விலையை எல்லோரும் பேசுகிறார்கள். கொத்து 25 சதமாக இருந்தது ஒரேயடியாக 70 சதம் ஆயிற்று. கொத்து என்றால் என்னவென்று இப்போதைய பிள்ளைகளுக்குச் சொல்ல வேண்டும். ஏறக்குறைய இரண்டு இறாத்தல். நாலு சுண்டு ஒரு கொத்து. கூட்டுறவுச் சங்கக்கடையில் தகரக் கொத்தால் அள்ளி, மேலே கையால் வழித்துவிட்டுத்தான் போடுவார்கள். வழிக்காமல் போட்டால் கடைக்காரர் நல்லவர். பங்கீட்டுக் கூப்பன் புத்தகத்தில் ஒரு துண்டை வெட்டி எடுப்பார்கள். அம்மா அந்தப் புத்தகத்தைச் சுவாமிப் படத்துக்குப் பின்னால் வைத்திருப்பா. தங்கச் சங்கிலி பெட்டியில் கிடந்தது. கூப்பன் சுவாமியோடு இருந்தது.

அரிசி மட்டும் இல்லை. ரயில் கட்டணம், தபால் கட்டணம் எல்லாம் அதே கையோடு ஏறின. எங்கள் அப்பா துறைமுகத்தில் பிரித்தானியக் கடற்படைக்கு வேலை செய்தவர். ஒழுங்கான சம்பளம். அப்படிப்பட்ட வீட்டிலேயே இரவுச் சாப்பாடு மாறியது. மரவள்ளிக்கிழங்கு வாரத்தில் நாலு நாள்.

---

கிண்ணியாக்காரன் எழுதியது:

சிறாப்பர் ஐயா சொன்னது வயிற்றின் பக்கம். கணக்கின் பக்கத்தையும் வைக்க வேண்டும். இல்லாவிட்டால் அந்த மனிதர் சும்மா கெட்ட எண்ணத்தில் செய்தது மாதிரி ஆகிவிடும்.

1950, 51இல் கொரிய யுத்தம். இறப்பர் விலை எங்கேயோ போனது. கையில் பணம் புரண்டது. அப்போது மானியம் கொடுப்பது சுலபம். 52இல் இறப்பர் இறங்கிவிட்டது. அதே நேரத்தில் உலகச் சந்தையில் அரிசி விலை ஏறியது. நாம் சாப்பிட்ட அரிசியில் பெரும் பங்கு வெளியிலிருந்து வந்தது. வெளியில் கூட்டி வாங்கி உள்ளே 25 சதத்துக்குக் கொடுத்தால் வித்தியாசம் முழுக்கத் திறைசேரியின் தலையில்தான். வெளிநாட்டுக் கையிருப்பு கரைந்துகொண்டே போனது. 51இல் வந்த உலக வங்கிக் குழுவும் உணவு மானியத்தைக் குறைக்கத்தான் சொன்னது.

ஆக, கணக்குப் பிழை இல்லை. பிழை வேறு இடத்தில். 1952 மே தேர்தலில் ஜே.ஆரின் ஐக்கிய தேசியக் கட்சி 25 சத அரிசியை மாற்ற மாட்டோம் என்று வாக்குக் கேட்டது. அடுத்த வருடம் ஜூலையில் 70 சதம். மூன்று மடங்குக்குக் கிட்ட. 35, 45 என்று படிப்படியாக ஏற்றியிருந்தால் சனம் முணுமுணுத்துவிட்டுப் போயிருக்கும் என்பது என் எண்ணம். வாப்பா கடை வைத்திருந்தவர். அவர் சொல்லுவார், விலையை ஏற்றுகிற நாளில் வாடிக்கையாளரின் முகத்தைப் பார்த்துச் சொல்ல வேண்டும் என்று. ஜே.ஆர். பட்ஜெட் தாளைப் பார்த்துச் சொன்னார்.

---

டச்சுக்குடா எழுதியது:

நான் சான் பிரான்சிஸ்கோவுக்கு வருகிறேன். பேச்சில் இதை விட்டுவிடாதீர்கள் உவர்மலை. ஏனென்றால் இது எங்கள் ஊரான திருமலை (திருகோணமலை) விஷயம்.

1951 செப்டம்பரில் ஜப்பானோடு சமாதான ஒப்பந்தம். இலங்கை சார்பில் போனவர் நிதி அமைச்சர் ஜே.ஆர். விமானக் குண்டுவீச்சால் வந்த சேதம், பெரும்படைகள் வந்து தங்கியதால் வந்த சேதம், நேச நாடுகளுக்காக மரம் சாகும் அளவுக்கு இறப்பர் வெட்டியதால் வந்த சேதம், இவற்றுக்கு நட்டஈடு கேட்க எங்களுக்கு உரிமை உண்டு, ஆனால் கேட்க மாட்டோம் என்றார். வெறுப்பு வெறுப்பால் தணியாது, அன்பால்தான் தணியும் என்ற புத்தர் வாக்கைச் சொன்னார். ஜப்பானில் இன்றைக்கும் அந்த உரைக்காக அவரை மதிக்கிறார்கள்.

சரி. குண்டு விழுந்தது எங்கே? 1942 ஏப்ரல் 9இல் திருமலையில். சீனக்குடா எண்ணெய்த் தாங்கிகளில் 91ஆம் தாங்கிமேல் ஒரு ஜப்பானிய விமானம் வந்து விழுந்து எரிந்தது. அதே நாள் ஹேர்மீஸ் என்ற பிரித்தானியப் போர்க்கப்பல் மட்டக்களப்புக் கடலில் மூழ்கியது. குண்டு எங்களுக்கு. மன்னிப்பு களனி எம்பியிடமிருந்து. பின்னால் 1984இல் ஜப்பான் அன்பளிப்பாகக் கட்டிய பெரிய ஆஸ்பத்திரி ஸ்ரீ ஜயவர்தனபுரவில். எனக்கு இது ஒரு பகிடியாகவே படுகிறது.

---

கிண்ணியாக்காரன் எழுதியது:

பகிடி நல்லது, ஆனால் கணக்கு நேராக இருக்கட்டும். ஏப்ரல் 5இல் கொழும்பிலும்தான் குண்டு விழுந்தது. ஈஸ்டர் ஞாயிறு. திருமலைக்கு ஒன்றுமே வரவில்லை என்பதும் சரியில்லை. 80களில் டோக்கியோ சீமெந்து எங்கே வந்தது? இங்கேதான், ஜப்பானியப் பங்காளியோடு. எங்கள் பக்கத்துப் பெடியன்கள் எத்தனை பேர் அங்கே வேலை செய்தார்கள்.

---

டச்சுக்குடா எழுதியது:

கொழும்பு விஷயத்தில் நான் தோற்றேன். சீமெந்து விஷயத்தில் இல்லை. அது வியாபாரம், நட்டஈடு அல்ல.

ஆனால் நிதி அமைச்சராக அவர் செய்தது கெட்டித்தனம் என்பதை ஒப்புக்கொள்கிறேன். நட்டஈடு கேட்டிருந்தால் எவ்வளவு வந்திருக்கும், எப்போது வந்திருக்கும்? கேட்காமல் விட்டதால் கிடைத்த நல்ல பெயர் அறுபது எழுபது வருடம் வட்டி கொடுத்தது. கணக்குத் தெரிந்த மனிதர்.

---

மனையாவெளி ரீச்சர் எழுதியது:

திருமலைத் தொடர்பு வேண்டுமென்றால் இன்னொன்று இருக்கிறது. யாரும் சொல்லவில்லையே.

1944இல் சிங்களத்தை ஆட்சிமொழியாக்க வேண்டும் என்று அரசாங்க சபையில் பிரேரணை கொண்டு வந்தவர் இதே ஜே.ஆர். அதில் ‘தமிழும்’ என்று சேர்க்கத் திருத்தம் கொண்டு வந்தவர் திருகோணமலை–மட்டக்களப்பு உறுப்பினர் வ. நல்லையா. ஜே.ஆர். திருத்தத்தை ஏற்றுக்கொண்டார், பிரேரணை இரண்டு மொழியோடும் நிறைவேறியது. பன்னிரண்டு வருடம் கழித்து 56இல் சிங்களம் மட்டும் என்று சட்டம் வந்தது எல்லோருக்கும் தெரியும். அந்த ஆகஸ்டில் தமிழரசுக் கட்சி மாநாடு நடந்ததும் இதே திருமலையில். அடுத்த வருடம் பிரதமர் பண்டாரநாயக்கவும் தமிழரசுக் கட்சியின் செல்வநாயகமும் செய்த பண்டா–செல்வா ஒப்பந்தத்தை எதிர்த்துக் கண்டிக்கு நடக்கப் புறப்பட்டவரும் ஜே.ஆர்.தான். இம்புல்கொடையில் மறித்தார்கள்.

என் கருத்து, இவருக்குக் கொள்கை என்று சொல்லத்தக்கது பணத்தில்தான் இருந்தது. மொழியில் இருந்ததெல்லாம் காற்றுப் பார்த்துப் பாய் கட்டுவது. பணத்தில் மட்டும் காற்றுக்கு எதிராகவும் கட்டினார், ஒரு தடவை கவிழ்ந்தார்.

---

உவர்மலை எழுதியது:

ரீச்சர், கடைசி வரியை என் பேச்சில் களவெடுத்தால் கோவிக்க மாட்டீர்கள்தானே?

‘பழமைவாதி’ பற்றி யாரும் பிடிகொடுக்கவில்லை. நான் வாசித்தவரை சொல்கிறேன். மத்திய வங்கிக்கு முன் இருந்தது நாணயச் சபை. எங்கள் ரூபாய் இந்திய ரூபாயின் வாலில் கட்டியிருந்தது. கையில் எவ்வளவு இந்திய ரூபாய்ச் சொத்து இருக்கிறதோ அவ்வளவுக்குத்தான் நோட்டு அடிக்கலாம். உண்மையான பழமைவாதி அதைத்தான் காப்பாற்றியிருப்பான். அரசியல்வாதி கைவைக்க முடியாத ஒழுங்கு அது. ஜே.ஆர். அதைக் கலைத்துவிட்டு, அமெரிக்காவிலிருந்து ஜோன் எக்ஸ்டரை வரவழைத்து, அவரையே முதல் ஆளுநராக்கி மத்திய வங்கியைத் தொடங்கினார். அந்தக் கட்டத்தில் அவர் மாற்றம் செய்தவர். 53இல்தான் சிக்கனக்காரர். இரண்டும் ஒரே ஆள்.

---

ஓய்ந்த சிறாப்பர் எழுதியது:

கலைத்தது நல்லதா கெட்டதா என்பதை 2022இல் டொலர் 360க்கு மேலே போனபோது வங்கி வரிசையில் நின்று யோசித்தேன் தம்பி. பதில் இல்லை. நோட்டு அடிக்கிற இயந்திரத்தைச் செய்தவர் ஒருவர், அதை ஓயாமல் ஓட்டினவர்கள் வேறு பேர்.

---

நிலாவெளி வெங்காயம் எழுதியது:

எல்லோரும் 53இலேயே நிற்கிறீர்கள். எங்களுக்கு அடி விழுந்தது 77இல் ஜே.ஆர். ஆட்சிக்கு வந்த பிறகு. நிலாவெளி மணலில் சின்ன வெங்காயம் போட்ட குடும்பம் எங்களுடையது. முந்திய அரசு இறக்குமதியை மூடி வைத்திருந்த காலத்தில் அப்பா கல்வீடு கட்டினார். பிறகு ஜே.ஆர். கதவைத் திறந்தார், வெளிவெங்காயம் வந்தது, எங்கள் வெங்காயம் சாக்கோடு முளைத்தது. அப்போது அவர் நிதி அமைச்சர் இல்லை, ரொனி டி மெல்தான் என்று யாராவது வந்து திருத்துவீர்கள் என்று தெரியும். எனக்கு ஒன்றுதான்.

---

கிண்ணியாக்காரன் எழுதியது:

திருத்த வரவில்லை. ஆனால் சனம் மூடிய காலத்தில் பாணுக்கு விடியற்காலையில் வரிசையில் நின்றதையும் சொல்ல வேண்டும் அல்லவா? உங்களுக்கு வெங்காயம் விற்றது, மற்றவர்களுக்குச் சீத்தைத் துணி கிடைக்கவில்லை. சீனக்குடாவில் பிரீமா மா ஆலை வந்ததும் அந்தத் திறந்த காலத்தில்தான்.

---

உவர்மலை எழுதியது:

வெங்காயம், கோபம் வேண்டாம். நீங்கள் எழுதியதுதான் எனக்கு ஒரு வழியைக் காட்டியது. நேற்றிரவு தூக்கம் வராமல் ஒரு கோடு போட்டுப் பார்த்தேன். பிழையென்றால் சொல்லுங்கள்.

1953 ஆகஸ்ட் 12. ஹர்த்தால். இடதுசாரிகள் அழைத்தார்கள், தமிழரசுக் கட்சியும் ஆதரித்தது. தண்டவாளம் கழற்றினார்கள், வீதி மறித்தார்கள். சுட்டதில் பத்துப் பேரளவில் இறந்தார்கள். அமைச்சரவை கொழும்புத் துறைமுகத்தில் நின்ற ‘நியூஃபவுண்ட்லாண்ட்’ என்ற பிரித்தானியப் போர்க்கப்பலில் ஏறிக் கூட்டம் நடத்தியது. சொந்த நாட்டில் அடுத்தவன் கப்பலில்! பிரதமர் டட்லி நோயும் மனவேதனையுமாக அக்டோபரில் பதவி விலகினார். கொத்தலாவல பிரதமராக வந்து விலையை 55 சதமாக்கினார். ஜே.ஆருக்கு நிதி போய் விவசாயமும் உணவும் கிடைத்தது. அரிசி விலையை ஏற்றியவருக்கே உணவு அமைச்சு. இதை யார் யோசித்தார்களோ!

1956இல் களனியில் அவரைத் தோற்கடித்தவர் ஆர்.ஜி. சேனநாயக்க. தம்பதெனியா, களனி இரண்டிலும் நின்று இரண்டிலும் வென்றவர். 1952இல் சீனாவோடு இறப்பர்–அரிசி ஒப்பந்தத்தை முடித்த வர்த்தக அமைச்சரும் அவர்தான். வருடம் 50,000 தொன் இறப்பர் கொடுத்து 270,000 தொன் அரிசி. அரிசி கொண்டு வந்தவர், அரிசி விலை ஏற்றியவரை வீட்டுக்கு அனுப்பினார்.

1962இல் நிதி அமைச்சர் ஃபீலிக்ஸ் டயஸ் கூப்பன் அரிசியைக் குறைக்கப் பார்த்து, சொந்தக் கட்சியே எதிர்த்ததால் பதவி விட்டார். இதையெல்லாம் பார்த்துக்கொண்டிருந்த ஜே.ஆர்., 1966 டிசம்பரில் விஞ்ஞான முன்னேற்றச் சங்கத்தில் பேசும்போது, சரியான ஆனால் சனத்துக்குப் பிடிக்காத முடிவுகளைப் பயமில்லாமல் எடுக்கக்கூடிய நிறைவேற்றுத் தலைவர் வேண்டும் என்கிறார். சபையின் தயவில் நிற்காத ஒருவர். எனக்கு அந்த வரியில் 70 சதக் கொத்து தெரிகிறது.

77 தேர்தலில் அவருடைய கட்சிக்கு 168 இடங்களில் 140. ஆறில் ஐந்து. 78இல் நிறைவேற்று ஜனாதிபதி. அதே 78 ஜனவரியில் கூப்பன் அரிசி, மாதம் 300 ரூபாய்க்குக் குறைந்த வருமானக் குடும்பத்துக்கு மட்டும் என்று ஆனது. 79 செப்டம்பரில் கூப்பனுக்குப் பதிலாக உணவு முத்திரை. 53இல் செய்ய முடியாததை முழுக்கச் செய்து முடித்தார். ஹர்த்தால் வரவில்லை. 80 ஜூலையில் வேலைநிறுத்தம் செய்த சுமார் 40,000 பேர் வேலை இழந்தார்கள்.

ஆகவே, 78 அரசியல் யாப்பின் மூலப்பிரதி 53 பட்ஜெட்டில் இருக்கிறது என்று சொல்லப் போகிறேன். அந்த யாப்புக்குள்தான் நாம் எல்லோரும் இன்னும் இருக்கிறோம்.

---

டச்சுக்குடா எழுதியது:

கோடு அழகாக இருக்கிறது. அழகாக இருப்பதால்தான் எனக்குச் சந்தேகம். மனிதனுக்கு அதிகார ஆசை என்ற ஒன்று இருக்கிறது. அதற்கு அரிசி தேவையில்லை. பிரான்சில் டி கோல் 58இலேயே செய்து காட்டிவிட்டார். 82இல் தேர்தல் வைக்காமல் சர்வசன வாக்கெடுப்பு வைத்துப் பழைய நாடாளுமன்றத்தையே இன்னும் ஆறு வருடம் ஓட்டினாரே, அதில் எந்தப் பிடிக்காத பொருளாதார முடிவு இருந்தது? அது ஆறில் ஐந்தைக் காப்பாற்ற.

---

மனையாவெளி ரீச்சர் எழுதியது:

டச்சுக்குடா சொல்வதில் பாதி சரி. உவர்மலை, ‘மூலப்பிரதி’ என்பதை ‘ஒரு வேர்’ என்று மாற்றுங்கள். கேள்வி நேரத்தில் தப்பிக்கலாம். ஹர்த்தால் 78இல் ஏன் வரவில்லை என்பதற்கும் யாப்பு மட்டும் காரணமில்லை. 53இல் எல்லோருக்கும் ஒரே நாளில் அடி விழுந்தது. 78இல் பாதிப் பேருக்கு விழுந்தது, பாதிப் பேருக்கு விழவில்லை. பாதி வயிறு சேர்ந்து ஊர்வலம் போகாது.

இன்னொன்று. அவருடைய பட்ஜெட்டுகளில்தான் குடியேற்றத் திட்டங்களுக்குப் பணம் போனது. கல்லோயாவைப் பற்றி மட்டும் பேசிவிட்டு எங்கள் மாவட்டத்துக் கந்தளாயையும் அல்லையையும் விட்டுவிடாதீர்கள். சிக்கனம் பேசிய அரசு அங்கே கையைச் சுருக்கவில்லை.

---

ஓய்ந்த சிறாப்பர் எழுதியது:

ரீச்சர் சொன்னது மெத்தச் சரி. 78இல் நான் கச்சேரியில் (மாவட்ட அரச செயலகத்தில்) வேலை. அந்த 300 ரூபாய்ப் படிவங்கள் என் மேசைக்கும் வந்தன. சனம் என்ன செய்தது தெரியுமா? எல்லோரும் 280, 290, 295. ஒரு முதலாளி, இரண்டு வள்ளம் வைத்திருந்தவர், 275 என்று எழுதிக் கையெழுத்து வைத்தார். அவரைப் பொய்யன் என்று சொல்ல எங்களிடம் தாள் இல்லை. ஆனால் என்னுடைய சம்பளம் அரசாங்கத் தாளில் இருந்தது. ஆகவே எனக்குக் கூப்பன் வெட்டு. வள்ளக்காரருக்கு அரிசி. வீட்டில் மனைவி நான்கு நாள் என்னோடு கதைக்கவில்லை, நான்தான் அந்தச் சட்டத்தைப் போட்ட மாதிரி.

பிறகு முத்திரை வந்தது. அரிசிக்குப் பதில் ரூபாய் அச்சடித்த தாள். முதல் வருடம் அது வீட்டுக்கு அரிசி கொண்டு வந்தது. விலை ஏற ஏற, முத்திரையில் அச்சடித்த எண் அப்படியே நின்றது. மானியத்தை வெட்டத் தேவையில்லை தம்பி, பேசாமல் விட்டாலே தேய்ந்துவிடும். 53இல் 25ஐ 70 ஆக்கியதற்குக் கலவரம். 80களில் 70ஐ 25 ஆக்கினார்கள், சத்தமே இல்லை. இதை நீங்கள் பேச்சில் சொல்ல வேண்டும்.

---

நிலாவெளி வெங்காயம் எழுதியது:

ஐயா, இது எனக்குப் புதிது. முத்திரை எங்கள் வீட்டிலும் இருந்தது. கடைசியில் அம்மா அதில் மண்ணெண்ணெய் மட்டும் வாங்கினா.

---

கிண்ணியாக்காரன் எழுதியது:

கப்பல் கதைக்கு ஒரு சின்னச் சேர்க்கை. பிரித்தானியக் கிழக்கிந்தியக் கடற்படைக்கு அப்போது தாய்வீடு திருமலை. 57இல்தான் தளத்தைக் கையளித்தார்கள். 53இல் அமைச்சரவைக்கு அடைக்கலம் கொடுத்தது இங்கே கூடு கட்டியிருந்த கடற்படை. 2022 மே மாதம் மகிந்த ராஜபக்ஷ கொழும்பை விட்டு ஓடி வந்து இறங்கியதும் இதே திருமலைத் தளத்தில்தான். வாசலில் கூடிய சனத்தில் நானும் நின்றேன். கொழும்பில் சனம் கோபப்பட்டால் ஆட்சிக்காரருக்குத் திருமலைக் கடற்படை ஞாபகம் வரும்.

---

டச்சுக்குடா எழுதியது:

இதோடு தொடங்குங்கள் உவர்மலை. மத்திய வங்கியோடு தொடங்கினால் பாதிப் பேர் வடை சாப்பிடப் போய்விடுவார்கள்.

---

உவர்மலை எழுதியது:

இல்லை, கொத்தோடு தொடங்கலாம் என்று இருக்கிறேன். பிறகு கப்பல், பிறகு சான் பிரான்சிஸ்கோ, நல்லையா, கடைசியில் சிறாப்பர் ஐயாவின் 295 ரூபாய். மத்திய வங்கிக்கு மூன்று நிமிடம். நேரம் போதாவிட்டால் 1960இல் கொஞ்சக் காலம் மீண்டும் நிதி அமைச்சராக இருந்ததை விட்டுவிடுவேன், அந்த அரசு நின்றதே சில மாதம்தான்.

யாரிடமாவது பழைய தகரக் கொத்து இருக்கிறதா? மேசையில் வைத்து அரிசி அள்ளிக் காட்ட வேண்டும்.

---

ஓய்ந்த சிறாப்பர் எழுதியது:

என்னிடம் இருக்கிறது. அடி கொஞ்சம் நசுங்கியிருக்கும், சுனாமியில் அகப்பட்டது. சுண்டும் சேர்த்துக் கொண்டு வருகிறேன். அரிசி நீங்கள் கொண்டு வாருங்கள் தம்பி, நாட்டரிசி. சம்பா போட்டால் அந்தக் காலத்தவர்கள் சிரிப்பார்கள்.